புது ரீஃப் டேங்க்: டெஸ்ட் ரீடிங் ஒத்துவராதபோது எங்கிருந்து பார்ப்பது

உப்புநீர்ப் பவளத் தொட்டி வைத்த முதல் சில மாதங்களில் வரும் புகார்கள் பெரும்பாலும் ஒரே ரகம்தான். அம்மோனியா இறங்கவில்லை, ஆல்கலினிட்டி (பி.எச்.-ஐத் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட் வகை உப்புகளின் அளவு) நிற்கவில்லை, பி.எச். ஏறவில்லை, எல்லா எண்ணும் சரியாக இருந்தும் பவளம் விரியவில்லை. இவற்றைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் ஒன்று உறுதியாகிவிட்டது. தண்ணீர் கெட்டதால் வந்த சிக்கலைவிட, நம்பக்கூடாத ஒரு எண்ணை நம்பி எதையோ ஊற்றியதால் வந்த சிக்கல்தான் அதிகம். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத சோதனையை முன்னாலும், காசு கேட்கும் தீர்வைப் பின்னாலும் வைத்திருக்கிறேன்.

மீன் மூச்சுத் திணறினாலோ, தண்ணீரில் கை விட்டதும் மின்சாரம் சுருக்கென்றாலோ உடனே செயல்பட வேண்டும். மற்ற எதற்கும் ஒரு நாள் பொறுத்து, மறுபடி டெஸ்ட் செய்த பிறகு கை வைத்தால் குடி முழுகிப் போகாது.

## எந்த அறிகுறியானாலும் முதலில்: உப்பளவு

உப்பளவு தப்பினால் கால்சியம், மெக்னீசியம், ஆல்கலினிட்டி மூன்றும் கூடவே தப்பும். 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) இருக்க வேண்டிய தண்ணீர் 31-ல் இருந்தால், 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) காட்ட வேண்டிய கால்சியம் 372 காட்டும். உண்மையில் அங்கே குறைந்திருப்பது உப்பு. அது தெரியாமல் கால்சியம் ஊற்றி, பிறகு உப்பையும் ஏற்றினால் கால்சியம் எல்லை தாண்டிவிடும்.

இலக்கு 35 பிபிடி, அதாவது 25 டிகிரி செல்சியஸில் ஒப்படர்த்தி சுமார் 1.026.

ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளிவிலகலை வைத்து உப்பளவு காட்டும் கருவி) வைத்திருந்தால் அதை ஆர்ஓ தண்ணீரில் (சவ்வு வழியே வடிகட்டிய சுத்தமான நீர்) பூஜ்யம் வைத்ததோடு விட்டுவிடாதீர்கள். பூஜ்யத்தில் சரியாக நிற்கும் மீட்டர் 35-ல் இரண்டு மூன்று புள்ளி தள்ளிக் காட்டுவது சகஜம். 35 பிபிடி அளவுத் திரவத்தில் வைத்துத்தான் திருகைத் திருப்ப வேண்டும். அது கைவசம் இல்லையென்றால், அயோடின் சேர்க்காத சுத்தமான உப்பு 36.5 கிராம், ஆர்ஓ தண்ணீர் 963.5 கிராம் எடைபோட்டுக் கரைத்தால், ஒளிவிலகலில் அது 35 பிபிடி கடல்நீருக்குச் சமமாக நிற்கும். சொட்டு விட்டு மூடியை மூடியதும் அரை நிமிடம் பொறுத்துப் பாருங்கள். கண்ணாடியின் சூட்டுக்குச் சொட்டும் வர வேண்டும்.

முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் என்றால், முள்ளில் ஒட்டிய ஒரு காற்றுக்குமிழ் ரீடிங்கை ஏற்றிக் காட்டும். காய்ந்து படிந்த உப்பு இறக்கிக் காட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, தட்டிக் குமிழை விடுவித்துப் பாருங்கள்.

உப்பு குறைவாக இருந்தால், ஆவியாகும் அளவை ஈடுகட்ட நல்ல தண்ணீருக்குப் பதில் உப்புநீரைச் சில நாள் ஊற்றி மெதுவாக ஏற்றுங்கள். அதிகமாக இருந்தால், ஆவியானதற்குப் பதிலாக யாரோ உப்புநீர் ஊற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும்.

இதைச் சரிபார்க்காமல் கீழே எதற்கும் போக வேண்டாம்.

## அறிகுறி: ஒரே தண்ணீர், ஒவ்வொரு முறையும் வேறு ரீடிங்

ஒரே கப்பில் எடுத்த தண்ணீரை அடுத்தடுத்து இரண்டு முறை சோதியுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் கை சரி, வேறு காரணம் தேடலாம். ஒத்துப்போகவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

சொட்டு. பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து விடும் சொட்டும் நேர்குத்தாகப் பிடித்து விடும் சொட்டும் ஒரே அளவல்ல. எப்போதும் நேர்குத்து. சொட்டோடு காற்றுக்குமிழ் வந்தால் அந்தச் சோதனையைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

குப்பி. போன சோதனையின் மிச்சம் ஒட்டியிருந்தால் அடுத்தது தப்பும். சோதனை முடிந்ததும் ஆர்ஓ தண்ணீரில் அலசி, அடுத்த முறை தொடங்கும்முன் டேங்க் தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். அம்மோனியாவுக்கு ஒரு குப்பி, நைட்ரேட்டுக்கு ஒரு குப்பி என்று எழுதி ஒட்டிவைப்பது நல்லது.

வெளிச்சம். மஞ்சள் பல்பின் கீழும், டேங்கின் நீல விளக்கின் கீழும் நிற அட்டையைப் பார்த்துப் பயனில்லை. பகல் வெளிச்சத்தில் வெள்ளைக் காகிதத்தை ஒட்டிப் பிடித்துப் பாருங்கள்.

முடிவுப் புள்ளி. ஆல்கலினிட்டி, கால்சியம் போன்ற சொட்டுச் சோதனைகளில் நிறம் மாறத் தொடங்கும் சொட்டை ஒரு நாளும், முழுதாக மாறி நிற்கும் சொட்டை இன்னொரு நாளும் கணக்கில் எடுத்தால் எண் அலைபாயும். ஒன்றைத் தீர்மானித்து அதிலேயே நில்லுங்கள். முழுதாக மாறி, இன்னொரு சொட்டு விட்டாலும் மாறாத நிலையைத்தான் நான் எடுப்பேன்.

டிஜிட்டல் மீட்டர் என்றால் குப்பியின் வெளிப்பக்கத்தில் இருக்கும் கைரேகையும் உள்ளே ஒட்டிய நுண்குமிழும்தான் முதல் சந்தேகம். துடைத்து, தட்டி, மறுபடி படியுங்கள்.

இத்தனையும் சரியென்றால் பாட்டிலின் காலாவதித் தேதியைப் பாருங்கள். அதுவும் சரியென்றால் அளவு தெரிந்த ஸ்டாண்டர்ட் திரவம் வாங்கிச் சோதியுங்கள். அதிலும் தப்பினால் கிட்டை மாற்றுங்கள்.

## அறிகுறி: அம்மோனியா இறங்க மறுக்கிறது

### மீன் இன்னும் விடவில்லை

அவசரமே இல்லை. முதலில், அப்போதுதான் கலக்கிய புது உப்புநீரை அதே கிட்டில் சோதியுங்கள். அதிலும் 0.25 என்று காட்டினால் கிட்டின் அடிநிலையே அதுதான், அல்லது சால்ட் மிக்ஸிலேயே கொஞ்சம் அம்மோனியா இருக்கிறது. மஞ்சளா இளம்பச்சையா என்று கண் தடுமாறும் அந்த நிறத்தைப் பார்த்து வாரக்கணக்கில் கவலைப்படுபவர்களுக்கு இந்த ஒரு சோதனை போதும்.

புது உப்புநீரில் பூஜ்யம், டேங்கில் மட்டும் ரீடிங் என்றால் எங்கோ ஏதோ அழுகுகிறது. லைவ் ராக்கில் (உயிரினங்கள் குடியிருக்கும் கடல்கல்) வந்த புழு, செத்த நத்தை, பஞ்சுயிர். கல்லை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பாருங்கள். நல்ல கல்லில் கடல் வாசம் வரும், அழுகும் கல்லில் முட்டை நாற்றம் அடிக்கும்.

அதுவும் இல்லை, நீங்களே அம்மோனியா ஊற்றி சைக்கிள் செய்கிறீர்கள் (அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவை வளர்க்கிறீர்கள்) என்றால், எவ்வளவு ஊற்றினீர்கள் என்று பாருங்கள். 2 பிபிஎம் போதும். 5-க்கு மேல் போனால் பாக்டீரியா வளர்ச்சியே தடைபடும், தண்ணீர் மாற்றிக் கீழே கொண்டுவாருங்கள். வெப்பம் 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்கிறதா, ஆல்கலினிட்டி 7 டிகேஎச்-க்குக் (ஆல்கலினிட்டியின் அலகு) கீழே போய்விட்டதா என்றும் பாருங்கள். பாட்டில் பாக்டீரியா ஊற்றியிருந்தால் யூவி விளக்கைச் சில நாள் அணைத்துவையுங்கள். காசு செலவழித்து இன்னொரு பாட்டில் வாங்குவது இதற்கெல்லாம் பிறகுதான்.

2 பிபிஎம் ஊற்றி 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தால் டேங்க் தயார்.

### மீன் உள்ளே இருக்கிறது

முதலில் மீனைப் பாருங்கள், கிட் அப்புறம். செவுள் வேகமாக அடிக்கிறது, மேல்மட்டத்தில் வாய் திறந்து நிற்கிறது என்றால் மறுசோதனைக்குக் காத்திருக்க வேண்டாம். அதே உப்பளவு, அதே வெப்பத்தில் கலக்கிய தண்ணீரில் 30 முதல் 50 சதவீதம் மாற்றுங்கள். பவர்ஹெட்டை (நீரோட்டம் தரும் பம்ப்) மேல்நோக்கித் திருப்பி நீர்ப்பரப்பைக் கலக்குங்கள். இரை போடுவதை நிறுத்துங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அம்மோனியா இருக்கும்போது பி.எச். ஏற்றும் எதையும் ஊற்றாதீர்கள். அம்மோனியாவில் நச்சான பங்கு பி.எச். ஏற ஏறக் கூடும். பி.எச். 7-ல் இருப்பதைவிட 8.2-ல் அந்தப் பங்கு பத்து மடங்குக்கும் அதிகம். நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்கள் "0.5 தானே" என்று விட்டுவிடுவது இதனால்தான் ஆபத்து.

அம்மோனியாவைக் கட்டும் திரவம் ஊற்றினால் மீன் பிழைக்கும், ஆனால் பச்சை நிறம் காட்டும் கிட் அதற்குப் பிறகும் மொத்த அம்மோனியாவைத்தான் காட்டும். ரீடிங் இறங்கவில்லையே என்று மறுபடி மறுபடி அதை ஊற்ற வேண்டாம்.

இரண்டு பெரிய நீர்மாற்றத்துக்குப் பிறகும் மீன் மேலேயே நின்றால், அம்மோனியாவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. செவுள் ஒட்டுண்ணியாக இருக்கலாம். மீன் நோய் பார்க்கும் மருத்துவரையோ அனுபவமுள்ள பராமரிப்பாளரையோ அழைக்க வேண்டிய இடம் இது. பவளம் இருக்கும் டேங்கில் செம்பு மருந்தை மட்டும் யார் சொன்னாலும் ஊற்றாதீர்கள்.

## அறிகுறி: நைட்ரைட் உச்சத்தில் நிற்கிறது, நைட்ரேட் நம்ப முடியாத எண் காட்டுகிறது

கடல்நீரில் குளோரைடு ஏராளம். நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவதை அது தடுத்துவிடும். அதனால் நன்னீரில் போல இங்கே நைட்ரைட் உயிருக்கு ஆபத்தில்லை. அதற்காக மட்டும் தண்ணீர் மாற்ற வேண்டாம்.

அட்டையின் கடைசி நிறத்தையும் தாண்டிவிட்டால், ஒரு பங்கு டேங்க் தண்ணீருக்கு ஒன்பது பங்கு ஆர்ஓ தண்ணீர் கலந்து சோதித்து, வருவதைப் பத்தால் பெருக்குங்கள். அடுத்த வாரம் அதே முறையில் பார்த்தால் இறங்குகிறதா என்று தெரியும்.

நைட்ரைட் இருக்கும்வரை நைட்ரேட் ரீடிங்கைக் குறித்துக்கூட வைக்காதீர்கள். நைட்ரேட் கிட் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் அளக்கிறது. ஏற்கெனவே இருக்கும் நைட்ரைட்டும் அதில் சேர்ந்து எண்ணை எங்கோ கொண்டுபோய்விடும்.

## அறிகுறி: நைட்ரேட், பாஸ்பேட் பூஜ்யம், ஆனால் டேங்க் முழுக்கப் பாசி

முதலில் கிட்டை ஒழுங்காகக் குலுக்கினீர்களா? சில நைட்ரேட் கிட்டுகளின் ஒரு பாட்டிலில் அடியில் பொடி படிந்து இறுகியிருக்கும். கையில் தட்டி, அரை நிமிடமாவது வேகமாகக் குலுக்கவில்லை என்றால் பூஜ்யம்தான் காட்டும். நான் பார்த்த பூஜ்ய நைட்ரேட்டுகளில் பல இந்தப் பாட்டிலோடு முடிந்துவிட்டன.

அடுத்து அலகு. சில கிட்டுகள் நைட்ரேட்டாகச் சொல்லாமல் நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனாகச் சொல்லும். அதை 4.4-ஆல் பெருக்க வேண்டும். பாஸ்பரஸ் பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கில் காட்டும் மீட்டரில் வரும் எண்ணை 3.066-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் பாஸ்பேட் பிபிஎம். 20 என்று காட்டினால் அது சுமார் 0.06, நல்ல அளவு. நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரீடிங் உண்மையிலேயே பூஜ்யம் என்றால் பாசியின் தோற்றத்தைப் பாருங்கள்.

### பச்சை இழைப்பாசி

வருவதையெல்லாம் பாசியே தின்றுவிடுகிறது, அதனால்தான் தண்ணீரில் மிச்சம் இல்லை. புதிதாக வாங்கிய உலர் கல்லிலிருந்து பாஸ்பேட் கசிவது வழக்கம். கையால் பிடுங்குங்கள், நத்தை விடுங்கள், விளக்கு நேரத்தைக் குறையுங்கள்.

### மணலிலும் கண்ணாடியிலும் பழுப்புத் தூசி

துடைத்தால் சுலபமாகப் போகும் இது டயட்டம். புது டேங்கில் வந்து தானாகவே போகும். மாதக்கணக்கில் நின்றால் ஆர்ஓ தண்ணீரில் சிலிக்கேட் வருகிறது. டிடிஎஸ் மீட்டரை (கரைந்த பொருள்களின் அளவைக் காட்டுவது) டிஐ குடுவைக்குப் (மிச்ச உப்புகளை ரெசினால் நீக்கும் பகுதி) பிறகு வைத்துப் பாருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் முதலில் ரெசின், பிறகு மெம்பிரேன். குழாய்த் தண்ணீரில் குளோரமின் போடும் இடம் என்றால் கார்பன் வடிகட்டியையும் சந்தேகப்படுங்கள். அது பழசானால் குளோரமின் அதைக் கடந்து வந்துவிடும்.

### பழுப்புச் சளி, நூல்நூலாக, நுனியில் குமிழ்

இரவில் குறைந்து, விளக்கு வந்ததும் திரும்பினால் டைனோஃபிளாஜலேட். கொஞ்சம் உறிஞ்சி மூடிய பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்கி, காபி வடிகட்டும் காகிதத்தில் வடித்து, வடிந்த தண்ணீரை வெளிச்சத்தில் வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி சளியாகத் திரண்டால் அதுவேதான். இங்கே பாஸ்பேட் நீக்கியை இன்னும் சேர்ப்பதுதான் எல்லோரும் எடுக்கும் தவறான திருப்பம். செய்ய வேண்டியது நேர்மாறு. நீக்கியை எடுத்துவிடுங்கள், ஸ்கிம்மர் (நுரை எழுப்பிக் கழிவைப் பிரிக்கும் கருவி) ஓடும் நேரத்தைக் குறையுங்கள், இரையைக் கூட்டி இரண்டு எண்ணையும் பூஜ்யத்திலிருந்து மேலே கொண்டுவாருங்கள். அப்படியும் குறையவில்லை என்றால் நுண்ணோக்கி வைத்திருப்பவரிடம் மாதிரி கொடுத்து எந்த வகை என்று கேளுங்கள். எல்லா வகைக்கும் ஒரே வைத்தியம் கிடையாது.

## அறிகுறி: பி.எச். 8-ஐத் தொடவே இல்லை

எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்? விளக்கு போடும் முன் காலையில் பி.எச். அடிமட்டத்தில் இருக்கும், சாயங்காலம் உச்சம். இரண்டுக்கும் 0.2, 0.3 வித்தியாசம் இயல்பு. 7.8 முதல் 8.4 வரை எதுவும் பரவாயில்லை. மின்முனை மீட்டர் என்றால் 7.01, 10.01 திரவங்களில் புதிதாகச் சரிசெய்து மறுபடி பாருங்கள்.

உண்மையிலேயே குறைவு, ஆல்கலினிட்டியோ சரியாக இருக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் கரியமில வாயு. இரண்டு கப் டேங்க் தண்ணீர் எடுங்கள். ஒன்றில் வீட்டுக்குள்ளும் இன்னொன்றில் வெளியே திறந்தவெளியிலும் ஏர்பம்ப் போட்டு ஒரு மணி நேரம் காற்று விடுங்கள். இரண்டிலும் பி.எச். ஏறினால் டேங்கில் காற்றோட்டம் போதவில்லை, நீர்ப்பரப்பைக் கலக்குங்கள். வெளியே வைத்தது மட்டும் ஏறினால் அறைக் காற்றிலேயே கரியமில வாயு அதிகம். ஜன்னலைத் திறவுங்கள். அது முடியாதென்றால் ஸ்கிம்மரின் காற்றுக்குழாயை வெளியே நீட்டுங்கள். கடைசிச் செலவு கரியமில வாயுவை உறிஞ்சும் ஸ்க்ரப்பர்.

பி.எச். பஃபர் பொடியை ஒதுக்கிவிடுங்கள். ஊற்றியதும் ஏறும், மறுநாள் இறங்கும், ஆல்கலினிட்டி மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

## அறிகுறி: பவளமே அதிகம் இல்லை, ஆனால் ஆல்கலினிட்டி தினமும் இறங்குகிறது

7 முதல் 11 டிகேஎச்-க்குள் எங்கே நின்றாலும் சரி. நாளுக்கு நாள் ஆடாமல் நிற்பதுதான் முக்கியம். தினமும் ஒரே மணிக்குச் சோதித்தீர்களா என்று பார்த்துவிட்டு இதைத் தொடருங்கள்.

புது உப்புநீரைச் சோதியுங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணைவிடக் குறைவாக வந்தால், உப்பு வாளியில் பொருள்கள் அடியிலும் மேலுமாகப் பிரிந்திருக்கலாம். எடுக்கும் முன் வாளியை உருட்டிக் கலக்குங்கள். உப்பின்மேல் தண்ணீர் ஊற்றாமல் தண்ணீரில் உப்பைக் கொட்டிக் கலக்குங்கள். மாற்றிச் செய்தால் கால்சியம் கார்பனேட் அங்கேயே படிந்து தண்ணீர் பால்போல் ஆகும்.

சைக்கிள் இப்போதுதான் நடக்கிறதா? அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா ஆல்கலினிட்டியைத் தின்னும். சைக்கிள் முடிந்ததும் இந்த இறக்கம் நிற்கும். புது மணலும் உலர் கல்லும் தங்கள் பரப்பில் கார்பனேட்டைப் படியவைத்துக்கொள்வதும் முதல் வாரங்களில் உண்டு. ஊதா நிறக் கோரலின் பாசி பரவத் தொடங்கியிருந்தால் அதுவும் பங்கு கேட்கும். இரும்பு வகைப் பாஸ்பேட் நீக்கி புதிதாகப் போட்டிருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் ஹீட்டரை வெளியே எடுங்கள். எடுக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்ட பிறகுதான். கண்ணாடியில் வெள்ளைப் பொருக்கு படிந்திருக்கிறதா? நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும், அதில் வினிகர் விட்டால் நுரைக்கும். நீங்கள் ஊற்றும் ஆல்கலினிட்டி இங்கேதான் வந்து கல்லாகிறது. உடனே மெக்னீசியம் பாருங்கள். 1250 முதல் 1350 இருக்க வேண்டும். 1200-க்குக் கீழே இருந்தால் அதை முதலில் ஏற்றாமல் ஆல்கலினிட்டியையும் கால்சியத்தையும் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது.

ஏற்றும் கணக்கு: 100 லிட்டருக்கு சமையல் சோடா 3 கிராம் போட்டால் 1 டிகேஎச் ஏறும். ஒரு நாளைக்கு 1 டிகேஎச்-க்கு மேல் வேண்டாம். லிட்டர் என்பது கல்லும் மணலும் போக உள்ளே இருக்கும் தண்ணீர். 200 லிட்டர் டேங்கில் 160, 170 லிட்டர்தான் இருக்கும். ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, நீரோட்டம் அதிகமுள்ள இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள்.

## அறிகுறி: கால்சியம் ஏறவில்லை

மேலே சொன்ன அதே வழிதான்: உப்பளவு, மெக்னீசியம், பொருக்கு. 400 முதல் 450 வரை இருந்தால் விட்டுவிடுங்கள். 1 டிகேஎச் செலவாகும்போது கால்சியம் சுமார் 7 பிபிஎம்தான் குறையும், அதனால் இது நாள்கணக்கில் ஆடாது. ஆடினால் சோதனையில்தான் பிழை. உண்மையிலேயே குறைவென்றால், 100 லிட்டருக்கு இருநீர்க் கால்சியம் குளோரைடு (டைஹைட்ரேட்) 3.7 கிராம் 10 பிபிஎம் ஏற்றும். சோடாவையும் இதையும் ஒரே கோப்பையில் கலக்காதீர்கள், ஒரே நேரத்தில் ஊற்றவும் வேண்டாம்.

## அறிகுறி: எல்லா ரீடிங்கும் சரி, ஆனாலும் பவளம் சுருங்கியே கிடக்கிறது

வீட்டுக் கிட் அளக்காத ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது, அல்லது ஒளியும் நீரோட்டமும் ஒத்துவரவில்லை. பவளத்தை நிழலான, மிதமான ஓட்டமுள்ள இடத்துக்கு மாற்றி ஒரு வாரம் பாருங்கள். தேறினால் தண்ணீரில் குறையில்லை.

தேறவில்லை என்றால் உலோகத்தைத் தேடுங்கள். பாசி துடைக்கும் காந்தத்தின் உறை விரிசல் விட்டிருக்கிறதா, பம்ப் ரோட்டரின் காந்தத்தில் துருவா, கவ்வியில் பித்தளைத் திருகு இருக்கிறதா, பழைய டேங்க் வாங்கியிருந்தால் அதில் முன்பு செம்பு மருந்து போட்டார்களா. சந்தேகப்படும் பொருளை வெளியே எடுத்து, புது கார்பனும் உலோகம் உறிஞ்சும் ரெசினும் போட்டு, தண்ணீர் மாற்றுங்கள்.

கை விட்டால் சுருக்கென்கிறது, கையில் உள்ள கீறல் மட்டும் எரிகிறது என்றால் அதன்பின் தண்ணீரைத் தொடவே வேண்டாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அதற்குப் பிறகு பிளக்குகளைப் பிடுங்குங்கள். எந்தக் கருவி கசிகிறது, எர்த் சரியாக இருக்கிறதா, ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதா என்று பார்ப்பது எலக்ட்ரீஷியன் வேலை. வெடித்த ஹீட்டரை ஒட்டவைத்துப் பயன்படுத்தக் கூடாது.

உலோகமும் மின்சாரமும் இல்லையென்று உறுதியான பிறகுதான் ஐசிபி (தண்ணீரில் உள்ள தனிமங்களை அளக்கும் முறை) ஆய்வகத்துக்குத் தண்ணீர் அனுப்பும் செலவு. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அவர்கள் கொடுத்த குப்பியை டேங்க் தண்ணீரில் அலசி நிரப்புங்கள், கூடவே ஆர்ஓ தண்ணீரின் மாதிரியும் அனுப்புங்கள். செம்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு அந்த இரண்டாவது குப்பிதான் பதில் சொல்லும். தனிமங்களை அளக்கும் அந்தக் கருவி அம்மோனியாவையோ பி.எச்.-ஐயோ அளக்காது, பாஸ்பேட்டை மொத்தப் பாஸ்பரஸாகத்தான் காணும். அதனால் மாதிரி எடுத்த அதே நாளில் உப்பளவு, ஆல்கலினிட்டி, பி.எச். மூன்றையும் வீட்டில் சோதித்து எழுதிவைத்து, முடிவு வந்ததும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.